கடலைப் பிண்ணாக்கில் மறைந்திருக்கும் நஞ்சு: ஆய்வுக்கூடத்தில் அடையாளம் காண்பது எப்படி?

மார்கழி மாதத்தில் ஒரு நாள், விவசாயி ஒருவர் மஞ்சள் பையில் ஒரு கைப்பிடி கடலைப் பிண்ணாக்குடன் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். அவர் வாங்கி விட்ட நாற்பது வாத்துக் குஞ்சுகளில் முப்பத்திரண்டு பத்து நாளுக்குள் செத்துப் போயிருந்தன. "ஐயா, இதுல விஷம் இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க. வீட்ல ரெண்டு கறவை மாடு நிக்குது, அதுங்களுக்கும் இதைத்தான் வைக்கிறேன்" என்றார். பிண்ணாக்கைப் பார்த்தால் குறை ஒன்றும் தெரியவில்லை. மணமும் நன்றாகவே இருந்தது.

1960ஆம் ஆண்டு இங்கிலாந்திலும் இப்படித்தான் நடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் மடிந்தன. கடைசியில் பிரேசில் நாட்டுக் கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த ஒரு பூஞ்சணமே காரணம் என்று கண்டார்கள். ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற அந்தப் பூஞ்சணத்தின் பெயரிலிருந்தே 'அஃப்ளாடாக்சின்' என்ற பெயர் வந்தது. நம் நாட்டில் 1974இல் ராஜஸ்தான், குஜராத் மாநிலங்களின் பழங்குடி மக்கள் பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டதால் 397 பேர் ஈரல் நோயுற்று, 106 பேர் இறந்தார்கள்.

சரி, கண்ணுக்குத் தெரியாத இந்த நஞ்சை எப்படிக் கண்டுபிடிப்பது? மாதிரியை அரைத்து, தண்ணீர் கலந்த மெத்தனாலில் குலுக்கி வடிகட்டுகிறோம். எண்ணெய்ப் பசையை ஹெக்சேன் எடுத்துக்கொள்ளும். நஞ்சு அதில் கரையாது. பிறகு நஞ்சைக் குளோரோஃபார்முக்கு மாற்றி, சிலிக்கா பூசிய கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு வைத்து, தகட்டின் அடியைக் கரைப்பானில் நிறுத்துகிறோம். கரைப்பான் மேலேறும்போது ஒவ்வொரு பொருளும் தன் தன் வேகத்தில் நகர்ந்து பிரியும். இருட்டறையில் புற ஊதா விளக்கின் கீழ் அந்தத் தகட்டைக் காட்டினால், மேலே இரண்டு புள்ளிகள் நீலமாகவும் அவற்றின் கீழே இரண்டு பச்சையாகவும் ஒளிரும். ஆங்கிலத்தில் நீலத்துக்கும் பச்சைக்கும் உரிய முதலெழுத்துகளைக் கொண்டே பி1, பி2, ஜி1, ஜி2 என்று பெயரிட்டார்கள். இவற்றில் பி1தான் மிகக் கொடியது.

ஆனால் நீலமாக ஒளிர்வதெல்லாம் நஞ்சு அல்ல. நான் பணியில் சேர்ந்த புதிதில், நீல ஒளியை மட்டும் பார்த்து ஒருவருடைய கடலைக்கு 'நஞ்சு உண்டு' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வியாபாரி பாதி விலைதான் கொடுத்தார். மறுவாரம் சந்தேகம் வந்து அமிலச் சோதனை செய்தபோது, அந்தப் புள்ளி இருந்த இடத்திலேயே இருந்தது. அது பி1 அல்ல. காயம்பட்ட கடலைப் பருப்பு தன்னைக் காத்துக்கொள்ள உண்டாக்கும் ரெஸ்வெரட்ரால் போன்ற பொருள்களும் நீலமாக ஒளிரும் என்பதை அன்று கற்றேன். அந்த விவசாயிக்குப் போன பணம் போனதுதான்.

அந்த அமிலச் சோதனையைச் சற்று விளக்க வேண்டும். பி1 மூலக்கூறின் ஓர் ஓரத்தில் ஒரு இரட்டைப் பிணைப்பு உண்டு. டிரைஃபுளோரோ அசெட்டிக் அமிலத்தின் துணையோடு அந்த இடத்தில் ஒரு தண்ணீர் மூலக்கூறு சேர்ந்துகொள்ளும். எடை 312இலிருந்து 330 ஆகும்; புதிய பொருள் தகட்டில் மெதுவாக நகர்ந்து கீழேயே நின்றுவிடும். பி2வில் அந்தப் பிணைப்பு இல்லாததால் அது மாறாது. கந்தக அமிலம் தெளிக்கும் சோதனையும் உண்டு. நீலப் புள்ளி மஞ்சளாக மாறாவிட்டால் அது அஃப்ளாடாக்சின் அல்ல என்று துணிந்து சொல்லலாம். மாறிவிட்டால் மட்டும் உறுதி சொல்ல முடியாது.

இதன் முழு அமைப்பை 1963இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் புக்கி, வோகன் ஆகியோரின் குழு வெளியிட்டது. பொருள் எந்தக் கதிரை உறிஞ்சுகிறது என்று காட்டும் நிறமாலைமானிகள் அதற்குத் துணை நின்றன. இன்று பெரிய ஆய்வுக்கூடங்களில் நிறை நிறமாலைமானி இருக்கிறது. அதில் பி1 முதலில் 313 என்ற எடையில் தெரியும். அதை உடைத்தால் 285, 241 என்ற துண்டுகள் கிடைக்கும். இந்த மூன்று எண்களும், கருவியிலிருந்து வெளிவரும் நேரமும் பொருந்தினால் ஐயத்துக்கு இடமில்லை.

எவ்வளவு நல்ல கருவி இருந்தாலும் மாதிரி தவறானால் முடிவும் தவறுதான். ஆயிரம் பருப்பில் ஒன்றிரண்டில்தான் நஞ்சு குவிந்திருக்கும். எனவே கைப்பிடி போதாது. ஒவ்வொரு மூட்டையிலும் மேல், நடு, அடி என எடுத்து, ஒன்றாக அரைத்துக் கலந்து, அதிலிருந்து ஒரு கிலோவாவது காகிதப் பையிலோ துணிப் பையிலோ அனுப்புங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் ஈரம் தங்கி, வரும் வழியிலேயே பூஞ்சணம் வளர்ந்துவிடும்.

வந்த விவசாயியிடமும் இதைச் சொல்லித் திருப்பி அனுப்பினோம். மறுநாளே முறையாக எடுத்து வந்தார். கிலோவுக்கு 1,200 மைக்ரோகிராம் பி1 இருந்தது. மாடு ஒன்றுக்குத் தினம் ஒரு கிலோ பிண்ணாக்கு வைத்தார். அதில் நூற்றுக்கு இரண்டு பங்கு பாலில் இறங்கினாலும் 24 மைக்ரோகிராம். எட்டு லிட்டர் பாலுக்குப் பங்கிட்டால் லிட்டருக்கு 3. பாலில் இறங்கும் இந்த நஞ்சுக்கு எம்1 என்று பெயர். நம் நாட்டுச் சட்டம் அனுமதிப்பது கிலோவுக்கு 0.5 மட்டுமே. காய்ச்சினாலும் இது போகாது.

நஞ்சு பெரும்பாலும் வயலிலேயே தொடங்குகிறது. காய் முற்றும் கடைசி மூன்று, நான்கு வாரங்களில் வறட்சி தாக்கினால் பூஞ்சணம் காய்க்குள் புகும்; முடிந்தால் அப்போது ஒரு தண்ணீர் கொடுங்கள். பறிக்கும்போது காயம்பட்ட காய்களையும், சுருங்கிய காய்களையும் தனியே பிரியுங்கள். குலுக்கினால் பருப்பு கலகலவென ஒலிக்கும்வரை காயவிடுங்கள். இயந்திரத்தில் தோல் உடைக்க வசதியாகக் காயின்மேல் தண்ணீர் தெளிக்கும் வழக்கத்தை நான் ஒப்புக்கொள்வதே இல்லை.

அவர் பிண்ணாக்கை அன்றே நிறுத்தினார். ஐந்தாம் நாள் கொண்டுவந்த பாலில் எம்1 வரம்புக்குள் வந்திருந்தது. மிச்சமிருந்த இரண்டு மூட்டைப் பிண்ணாக்கை உரக்குழியில் கொட்டி மண் மூடியதாகச் சொன்னார்.