இரைப்பை பைபாஸ் செய்த பிறகும் எடை திரும்புகிறதா? இரண்டாவது அறுவைக்கு முன் பார்க்க வேண்டியவை

பைபாஸ் என்றால் நம் ஊர்களில் இதய அறுவை என்றுதான் நினைப்பார்கள். இங்கே பேசப்போவது உடல் பருமனுக்காகவும் அதோடு வரும் சர்க்கரை நோய்க்காகவும் வயிற்றில் செய்யப்படும் பைபாஸ் பற்றி. வளைகுடாவில் வேலை பார்க்கும் நம்மவர்களில் சிலர் அங்கேயே இதைச் செய்துகொண்டிருக்கிறார்கள். விடுமுறையில் ஊருக்கு வந்தபோது செய்துகொண்டவர்களும் உண்டு.

முதல் ஒன்றரை வருடம் மகிழ்ச்சியாகப் போகும். பழைய சட்டை தொளதொளவென்று ஆகும், சர்க்கரை மாத்திரை குறையும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்காது. நான்காம், ஐந்தாம் வருடத்தில் எடை மெல்ல ஏறத் தொடங்கும். இதைப் பலர் வெளியே சொல்வதில்லை. "இவ்வளவு செலவு செய்து வயிற்றை வெட்டியும் வாயைக் கட்ட முடியவில்லையா?" என்று வீட்டிலேயே கேட்பார்களே என்ற கூச்சம். அதே கூச்சத்தில் மருத்துவரிடம் போவதையும் நிறுத்திவிடுகிறார்கள். ஒரு நாள் 'ரிவிஷன் சர்ஜரி' என்ற விளம்பரம் கண்ணில் பட்டதும், இடையில் செய்ய வேண்டிய எதையும் செய்யாமல் நேராக அங்கே போய் நிற்கிறார்கள்.

மறு அறுவை சிலருக்குத் தேவைதான். ஆனால் எடை ஏன் ஏறியது என்று கண்டுபிடிக்காமல் அதற்குத் தேதி குறிப்பது, எந்தக் குழாய் ஒழுகுகிறது என்று பார்க்காமல் வீட்டுச் சுவரை இடிப்பது போன்றது.

எவ்வளவு ஏறினால் கவலைப்பட வேண்டும்?

பைபாஸ் செய்தவரின் எடை பொதுவாக ஒன்று முதல் இரண்டு வருடத்துக்குள் மிகக் குறைந்த அளவைத் தொடும். அதன்பின் கொஞ்சம் ஏறுவது கிட்டத்தட்ட எல்லோருக்கும் நடக்கிறது. 1987-ல் சுவீடனில் தொடங்கிய பெரிய ஆய்வு ஒன்று இவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. பைபாஸ் செய்தவர்கள் முதல் ஓரிரு ஆண்டில் தம் எடையில் சராசரியாக 32 சதவீதம் குறைந்தார்கள். பத்தாம் ஆண்டில் அது 25 சதவீதமாக நின்றது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 12 ஆண்டுகள் பார்த்த ஆய்விலும் இதே கதைதான்: இரண்டாம் ஆண்டில் சராசரியாக 45 கிலோ குறைவு, பன்னிரண்டாம் ஆண்டில் 35 கிலோ குறைவு.

இதை வைத்து உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 130 கிலோ இருந்த ஒருவர் 85-க்கு இறங்கி, ஐந்து வருடம் கழித்து 93-ல் நிற்கிறார் என்றால் அவர் இழந்த 45 கிலோவில் 8 கிலோதான் திரும்பியிருக்கிறது. அவருடைய அறுவை நன்றாகவே வேலை செய்துகொண்டிருக்கிறது. அதே மனிதர் 115-க்குப் போய்விட்டார், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் திரும்பி வந்துவிட்டன என்றால் அதைச் சும்மா விடக்கூடாது. முதல் நபர் மறு அறுவைக்கு அலையத் தேவையில்லை. இரண்டாமவர் வெட்கப்பட்டு வீட்டில் உட்காரக்கூடாது.

உள்ளே என்ன நடந்திருக்கும்?

பைபாஸில் இரைப்பையின் மேல்பகுதியைத் தனியே பிரித்து ஏறக்குறைய 30 மில்லி கொள்ளும் சின்னப் பையாக ஆக்குவார்கள். சிறுகுடலை வெட்டி அதன் கீழ்முனையை இந்தப் பையில் இணைப்பார்கள். பித்தநீரும் கணைய நீரும் வரும் மேல்பகுதிக் குடல் இன்னும் கீழே வந்து சேரும். ஆங்கில 'ஒய்' எழுத்து போல இருக்கும் இந்த இணைப்பு, சுவிட்சர்லாந்தின் சீசர் ரூ என்ற அறுவை மருத்துவரின் பெயரால் அழைக்கப்படுகிறது. பருமனுக்காக இரைப்பை பைபாஸை முதலில் செய்தவர்கள் அமெரிக்காவின் ஐயோவாவில் எட்வர்ட் மேசனும் சிகாஷி இட்டோவும், 1966-ல்.

பை சிறிதாக இருப்பதால் மட்டும் எடை குறைவதில்லை. உணவு வேகமாகக் கீழ்க்குடலுக்குப் போவதால், வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்லும் ஜிஎல்பி-1 போன்ற ஹார்மோன்கள் அதிகம் சுரக்கின்றன. காலப்போக்கில் உடல் இந்த மாற்றத்துக்குப் பழகுகிறது. எடை குறைந்த உடம்பு எரிசக்தியையும் குறைத்துச் செலவழிக்கும், பசியைக் கூட்டி இழந்ததைத் திரும்பப் பெறப் பார்க்கும். எனவே எடை ஏறியவரைப் பார்த்து "சாப்பாட்டு ஆசை" என்று மட்டும் சொல்லி முடிப்பது நியாயமும் இல்லை, உண்மையும் இல்லை.

உடலமைப்பில் ஏற்படும் கோளாறுகளும் உண்டு. பையும் குடலும் சேரும் வாய் தொடக்கத்தில் ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் அகலம்தான் இருக்கும். அது இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் விரிந்துவிட்டால் சாப்பிட்டது உடனே இறங்கிவிடும், நிறைவு தெரியாது. அரிதாக, பிரித்து வைத்த பழைய இரைப்பைக்கும் புதுப் பைக்கும் நடுவே துளை விழுந்து உணவு பழைய வழியிலேயே போகத் தொடங்கும். இதைச் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டால் சரிசெய்ய முடியாது.

கண்ணில் படாத இன்னொரு காரணம் தாழ் சர்க்கரை. பைபாஸ் செய்த சிலருக்குச் சாப்பிட்டு ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் சர்க்கரை சட்டென்று இறங்கும். கை நடுங்கும், வியர்க்கும், படபடக்கும். உடனே மிட்டாயோ ஜூஸோ எடுத்தால் நின்றுவிடும். ஆனால் அந்த ஜூஸே அடுத்த இறக்கத்துக்கு வழிவகுக்கும். ஒரு நாளில் மூன்று முறை இப்படி நடந்தால் எடை ஏறாமல் என்ன செய்யும்? இவருக்குத் தேவை சர்க்கரையும் மாவும் குறைந்த, புரதம் கூடிய உணவு, அதோடு மருத்துவரின் கவனிப்பு.

மருந்துப் பெட்டியையும் திறந்து பார்க்க வேண்டும். இன்சுலின், கிளிமிபிரைடு வகை சர்க்கரை மாத்திரைகள், ஸ்டீராய்டு, ஒலான்சபின் போன்ற சில மனநல மருந்துகள், வலிப்புக்குத் தரும் வால்புரோயேட் எல்லாம் எடையை ஏற்றக்கூடியவை. தாமாக நிறுத்தக்கூடாது. மாற்று உண்டா என்று கேட்கலாம். தைராய்டு குறைபாடும் தூக்கத்தில் மூச்சடைப்பும் பார்க்கப்பட வேண்டும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, பைபாஸ் செய்தவரால் ஒரே அமர்வில் ஒரு தட்டு பிரியாணி சாப்பிட முடியாது. ஆனால் மாலை நான்கு மணியிலிருந்து இரவு பத்து வரை முறுக்கு, பிஸ்கட், சீனி போட்ட தேநீர் என்று கொறித்துக்கொண்டே இருக்க முடியும். சின்னப் பை அதைத் தடுக்காது. குடிக்கும் இனிப்பு அதைவிட மோசம், தங்காமல் இறங்கிவிடும்.

என்ன பரிசோதனைகள்?

முதலில் பழைய காகிதங்களைத் தேடி எடுங்கள். டிஸ்சார்ஜ் சுருக்கம் மட்டும் போதாது, அறுவைக் குறிப்பும் வேண்டும். நம் நாட்டில் 'மினி பைபாஸ்' என்ற ஒரே இணைப்புள்ள அறுவையும் நிறைய செய்யப்படுகிறது. ஸ்லீவ் என்பது வேறு. தனக்கு எது செய்யப்பட்டது என்றே தெரியாமல் "பைபாஸ்" என்று பொதுவாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஸ்லீவ் செய்தவருக்கு எடை திரும்பினால் அதை பைபாஸாக மாற்றுவது என்ற தெளிவான அடுத்த படி உண்டு. பைபாஸே செய்துவிட்டவருக்கு அப்படிப் பளிச்சென்ற ஒரு படி இல்லை. இருப்பவை ஒவ்வொன்றும் ஏதோ ஒன்றைக் கேட்கும்.

பிறகு பேரியம் குடித்து எடுக்கும் எக்ஸ்ரேயும் எண்டோஸ்கோபியும். பையின் அளவு, வாயின் அகலம், துளை, புண் எல்லாம் இவற்றில் தெரியும். ரத்தத்தில் இரும்பு, பி12, டி வைட்டமின், கால்சியம், புரதம், தைராய்டு, மூன்று மாத சர்க்கரை ஆகியவை. உணவு ஆலோசகரிடம் ஒரு வாரம் சாப்பிட்டது, குடித்தது அனைத்தையும் ஒளிக்காமல் எழுதிக் கொடுங்கள். இதையெல்லாம் கேட்காமல் முதல் சந்திப்பிலேயே அறுவைக்குத் தேதி தருகிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம் என்பது என் கருத்து.

வழிகள் எவை?

துளை இருந்தால் அதை அடைப்பது நியாயமான அறுவை. வாய் விரிந்திருந்தால் வயிற்றைத் திறக்காமல் எண்டோஸ்கோபி வழியாகவே தையல் போட்டுச் சுருக்கலாம். ஆபத்து குறைவு, கிடைக்கும் எடைக் குறைப்பும் நடுத்தரமே. சில வருடங்களில் மறுபடி விரியவும் கூடும். பையையே வெட்டிச் சிறிதாக்குவதும் அதைச் சுற்றி வளையம் போடுவதும் வேறு வகைகள்.

எடையை அதிகம் குறைப்பது, குடலின் இணைப்பை இன்னும் கீழே தள்ளி வைக்கும் அறுவை. உணவு சத்தாக உறிஞ்சப்படும் நீளம் அதில் குறைகிறது. விலையும் அங்கேதான். புரதக் குறைவால் கால் வீங்குதல், ஓயாத வயிற்றுப்போக்கு, கடும் வைட்டமின் குறைபாடு. சிலருக்கு அதைத் திரும்பப் பழைய நிலைக்கு மாற்றும்படி மூன்றாவது அறுவை தேவைப்படுகிறது. ஒழுங்காகச் சத்து மாத்திரை எடுக்காதவரும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்கு வர முடியாதவரும் இதன் பக்கம் போகக்கூடாது.

பொதுவாக எந்த மறு அறுவையிலும் முதல் அறுவையைவிடக் கசிவும் தொற்றும் நிகழும் வாய்ப்பு அதிகம். பழைய தையல் இடங்களில் குடல் ஒட்டிக்கொண்டிருக்கும், ரத்த ஓட்டமும் முன்போல இருக்காது. பலன் பெரும்பாலும் முதல் தடவையைவிடக் குறைவு.

இப்போது மருந்துகள் வந்துவிட்டன. லண்டனில் நடந்து 2023-ல் வெளியான ஓர் ஆய்வில், அறுவைக்குப் பின் போதிய அளவு எடை குறையாத 70 பேரில் பாதிப்பேருக்கு லிராகுளூடைடு ஊசியும் மற்றவர்களுக்கு மருந்தில்லா ஊசியும் தந்தார்கள். 24 வாரத்தில் மருந்து பெற்றவர்கள் மற்றவர்களைவிட ஏறக்குறைய 8 சதவீதம் கூடுதலாக எடை குறைந்தார்கள். அதைவிட வலுவான செமாகுளூடைடும் டிர்செபடைடும் உடல் எடைக்காக 2025-ல் இந்தியச் சந்தைக்கு வந்தன. மறு அறுவையை யோசிப்பவர் அதற்கு முன் இவை தனக்குப் பொருந்துமா என்று கேட்டே ஆக வேண்டும். நிறுத்தினால் எடை திரும்பும் என்பதால் நீண்டகாலச் செலவு இது. கணையப் பாதிப்பு இருந்தவர்களும், குடும்பத்தில் ஒரு குறிப்பிட்ட தைராய்டு புற்றுநோய் உள்ளவர்களும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். பைபாஸ் செய்தவருக்கு இதனால் வாந்தி தொடர்ந்தால் பி1 வைட்டமின் குறைந்து நரம்பே பாதிக்கப்படலாம். அழகு நிலையங்களிலும் வாட்ஸ்அப்பிலும் வாங்கிப் போடும் ஊசி இல்லை இது.

நோன்பும் விடுமுறையும்

ரமளானில் பைபாஸ் செய்தவர்களுக்கு எடை ஏறுவதற்குக் காரணம் பெரும்பாலும் இரவு உணவுதான். இஃப்தாரிலிருந்து சஹர் வரை சம்சா, வடை, சர்பத், ஃபலூதா என்று சிறிது சிறிதாக உள்ளே போகும். நோன்பு திறந்ததும் பல பேரீச்சம்பழமும் இனிப்பு சர்பத்தும் சேர்ந்தால் படபடப்பும் வயிற்றுப்போக்கும் வரலாம். ஒரு பழம், சிறிது தண்ணீர், கைமாவோ கோழியோ கூடுதலாகப் போட்ட நோன்புக் கஞ்சி கொஞ்சம் என்று நிறுத்தி, மீதி நேரத்தில் தண்ணீரை மடக்கு மடக்காகக் குடிப்பது நல்லது. சின்னப் பைக்குள் ஒரே மூச்சில் ஒரு சொம்பு தண்ணீர் போகாது.

மறு அறுவை செய்தால் முதல் அறுவைக்குப் பின்னிருந்த கட்டுப்பாடுகள் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். அடுத்து வரும் நோன்பை வைக்கலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகையை மறுத்து நீர்ச்சத்து வற்றி மருத்துவமனையில் சேருவதில் பெருமை ஒன்றும் இல்லை. பெண்கள் ஒன்று, ஒன்றரை வருடம் கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும்.

சத்து மாத்திரையில் ஜெலட்டின் இருக்கிறது என்று நிறுத்திவிடுபவர்கள் நம்மிடையே உண்டு. மேலுறை இல்லாத மாத்திரை, மெல்லும் மாத்திரை, பொடி, பி12 ஊசி என்று மாற்று வடிவங்கள் கிடைக்கின்றன, கேட்டு வாங்கலாம். மூட்டு வலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் போடுவதும் புகைப்பதும் இணைப்பில் புண்ணை உண்டாக்கும் என்பதால் இரண்டும் கூடாது.

முப்பது நாள் விடுமுறையில் வந்து மறு அறுவை செய்து, பத்தாம் நாள் விமானம் ஏறுவது மிகவும் ஆபத்து. கசிவு இருந்தால் தெரிவது பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களில்தான். நீண்ட விமானப் பயணம் காலில் ரத்தம் உறையும் வாய்ப்பையும் கூட்டும். வேலை பார்க்கும் ஊரில் யார் பார்த்துக்கொள்வார், அவரிடம் அறுவைக் குறிப்பு போய்ச் சேர்ந்ததா என்று முன்கூட்டியே உறுதி செய்யுங்கள். காப்பீட்டையும் படியுங்கள். இந்தியாவில் பருமன் அறுவைக்கான காப்பீட்டு விதி, பிஎம்ஐ 40 அல்லது கடும் நோய்களோடு 35 என்று கேட்கிறது. எடை திரும்பி 32-ல் நிற்பவர் பெரும்பாலும் கைப்பணத்தைத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

மருத்துவரிடம் போகும்போது இவற்றை எழுதிக்கொண்டு போங்கள்: என் எடை ஏறக் காரணம் என்று பரிசோதனையில் தெரிந்தது எது? நீங்கள் சொல்லும் அறுவை அந்தக் காரணத்தைச் சரிசெய்யுமா? இதே மறு அறுவையை நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், அவர்களில் எத்தனை பேர் திரும்ப அனுமதிக்கப்பட்டார்கள்? ஆறு மாதம் மருந்தும் உணவு மாற்றமும் முயன்று பார்த்தால் எனக்கு நஷ்டம் என்ன?