எங்கே நின்றது என்று பாருங்கள்

லினக்ஸுக்குப் புதிதாக வந்தவர் ஒருநாள் கணினியைத் திறக்கிறார். வழக்கமான திரை வரவில்லை. கறுப்புப் பின்னணியில் ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். எல்லாம் போச்சு என்று நெஞ்சு பதறுகிறது. தெரிந்தவர்களைக் கேட்டால், “அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுவிடு” என்கிறார்கள். இந்த அறிவுரையை நான் ஒருபோதும் ஏற்பதில்லை. அந்த நேரத்திலும் படங்களும் பாடக் குறிப்புகளும் பெரும்பாலும் ஹார்டு டிஸ்க்கில் அப்படியே இருக்கும். அறுந்திருப்பது அவற்றை நம்மிடம் கொண்டுவந்து சேர்க்கும் வழி மட்டுமே. அந்த வழி எத்தனை கைகள் மாறி வருகிறது என்று தெரிந்துகொண்டால், எந்தக் கையில் நின்றது என்பதைத் திரையைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம்.

பொத்தானை அழுத்திய கணத்தில் செயலிக்கு லினக்ஸும் தெரியாது, டிஸ்க் இருப்பதும் தெரியாது. நினைவகம்கூட இன்னும் விழிக்கவில்லை. நம் மேசைகளில் இருக்கும் இன்டெல், ஏஎம்டி செயலிகளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு முகவரி: 4 ஜிபி எல்லைக்குச் சரியாக 16 பைட் முன்னால் உள்ள இடம். அங்கே இருப்பதை எடுத்துச் செய் என்பது சில்லிலேயே அமைந்த கட்டளை. மதர்போர்டில் குடியிருக்கும் நிரல் அங்கிருந்துதான் வேலையைத் தொடங்குகிறது. பழைய கணினிகளில் அது பயாஸ், இன்றைய கணினிகளில் யூஇஎஃப்ஐ.

பயாஸ் காலத்துச் சிக்கனம் வியக்க வைப்பது. அது டிஸ்க்கின் முதல் 512 பைட்டை மட்டுமே எடுத்துவரும். அதில், டிஸ்க் எப்படிப் பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது என்று சொல்லும் பார்ட்டிஷன் அட்டவணைக்கு 64 பைட், அடையாள முத்திரைக்கு 2 பைட் போனால் மிச்சம் 446. யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் ‘அ’ என்ற ஓர் எழுத்துக்கே 3 பைட் வேண்டும். 148 அகரங்களுக்குமேல் கொள்ளாத அந்த இடத்தில்தான் ஓர் இயங்குதளத்தைக் கிளப்பும் முதல் படியை எழுதி அடக்கினார்கள். அந்தச் சிறு நிரல் செய்வது ஒன்றுதான்: தன்னைவிடப் பெரிய அடுத்த நிரலைத் தேடிப்பிடித்துப் பொறுப்பை ஒப்படைப்பது. யூஇஎஃப்ஐக்கு இந்த இட நெருக்கடி இல்லை. அதற்கென ஒதுக்கிய சிறிய பார்ட்டிஷனைத் திறந்து, வேண்டிய கோப்பைப் பெயர் சொல்லியே எடுத்துக்கொள்ளும்.

இரண்டு வழியிலும் பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் அடுத்து வருவது கிரப். தமிழ்நாடு அரசு 2011இல் மாணவர்களுக்கு லேப்டாப் வழங்கத் தொடங்கியபோது விண்டோஸோடு பாஸ் என்ற லினக்ஸ் பதிப்பையும் சேர்த்தே கொடுத்தது. இப்படி இரண்டு இயங்குதளங்கள் உள்ள கணினியில் “எது வேண்டும்?” என்று கேட்கும் பட்டியல் கிரப்புடையது. ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று வந்தால், கிரப்பின் முதல் துண்டு எழுந்துவிட்டது, தன் மீதித் துண்டுகள் இருந்த பார்ட்டிஷனைக் காணாமல் நிற்கிறது என்று பொருள். யாராவது ஒரு பார்ட்டிஷனை அழித்திருக்கலாம், அல்லது வரிசை எண் மாறியிருக்கலாம். பட்டியலே வராமல் நேராக விண்டோஸ் திறந்தால், பல நேரம் எதுவும் கெட்டிருக்காது. யூஇஎஃப்ஐ வைத்திருக்கும் வரிசையில் விண்டோஸ் முதலிடத்துக்கு வந்திருக்கும். அமைப்புத் திரைக்குப் போய் லினக்ஸை மேலே ஏற்றினால் போதும்.

கிரப் இரண்டு கோப்புகளை நினைவகத்தில் ஏற்றுகிறது. ஒன்று லினக்ஸின் மையமான கெர்னல். இன்னொன்று ஏன் வேண்டும் என்பதில் அழகான ஒரு புதிர் இருக்கிறது. டிஸ்க்கைப் படிக்கக் கெர்னலுக்கு டிரைவர் வேண்டும். அந்த டிரைவரோ பெரும்பாலும் அதே டிஸ்க்கில் இருக்கிறது. இந்த முடிச்சை அவிழ்ப்பதுதான் இனிட்ராம்எஃப்எஸ் என்ற இரண்டாவது கோப்பு. தேவையான டிரைவர்களையும் சில கருவிகளையும் மட்டும் வைத்துக் கட்டிய குட்டி லினக்ஸ் அது. நினைவகத்திலேயே சற்று நேரம் வாழ்ந்து, உண்மையான டிஸ்க்கைத் திறந்து கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளும். அப்டேட் நடக்கும்போது பூட் பார்ட்டிஷனில் இடம் தீர்ந்துபோனால் இந்தக் கோப்பு அரைகுறையாக எழுதப்படலாம். அப்போது கெர்னல், ரூட் பார்ட்டிஷனைத் திறக்க முடியவில்லை என்று சொல்லி ‘கெர்னல் பேனிக்’ என்ற வரியோடு நின்றுவிடும். புதியவர் மிரண்டுபோகும் வரி அது. ஆனால் உபுண்டு போன்ற பதிப்புகள் முந்தைய கெர்னலை நீக்காமல் வைத்திருக்கும். கிரப் பட்டியலின் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ பகுதியில் அதைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் கணினி எழுந்துவிடும். பிறகு பூட் பார்ட்டிஷனில் இடம் உண்டாக்கி, புதியதைச் சரிசெய்யலாம்.

மின்சாரம் திடீரென்று போய் வந்த பிறகு வேறொரு காட்சி. அந்தக் குட்டி லினக்ஸே, அடைப்புக்குறிக்குள் தன் பெயரைக் காட்டிக் கட்டளைக்காகக் காத்திருக்கும். ஃபைல் சிஸ்டத்தில் பிசகு, தானாகச் சரிசெய்யத் துணியவில்லை என்பதே அதன் செய்தி. இன்று பரவலாக உள்ள இஎக்ஸ்டி4 என்ற ஃபைல் சிஸ்டம், தன் அமைப்பில் நேரும் மாற்றங்களை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டுதான் உரிய இடத்தில் பதிக்கும். அதனால்தான் பெரும்பாலான மின்வெட்டுகளை நாம் உணர்வதே இல்லை. அதையும் மீறிப் பழுது நேர்ந்தால் எஃப்எஸ்சிகே என்ற கருவி சரிபார்க்கும். இதில் ஒரு கண்டிப்பான எச்சரிக்கை: பயன்பாட்டில் இருக்கும் பார்ட்டிஷன்மேல் அதை ஓட்டக் கூடாது. டிஸ்க்கே சாகத் தொடங்கியிருக்கிறது என்ற ஐயம் இருந்தால் முதலில் கோப்புகளைப் படியெடுங்கள், பழுது பார்ப்பது அப்புறம்.

இதையெல்லாம் கடந்தால் கெர்னல் முதல் நிரலுக்கு உயிர் கொடுக்கும். இன்று பெரும்பாலும் அது சிஸ்டம்டி. அதன் எண் 1, மற்ற நிரல்களெல்லாம் அதன் வழிவந்தவை. எஃப்எஸ்டேப் என்ற கோப்பில் எழுதியுள்ள டிஸ்க்குகளை அது தேடும். நீங்கள் கழற்றி வைத்துவிட்ட டிஸ்க்கின் பெயர் அதில் இருந்தால், வழக்கமாக 90 நொடி காத்திருந்து பார்த்துவிட்டு ‘எமர்ஜென்சி மோடு’க்குப் போய்விடும். அந்த ஒரு வரியின் தொடக்கத்தில் # போட்டால் தீர்ந்தது.

கடவுச்சொல்லைச் சரியாகக் கொடுத்தும் திரை திரும்பத் திரும்ப அதையே கேட்டால், டிஸ்க் நிரம்பிவிட்டதா என்று பாருங்கள். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்துத் திரை வரும். படத்திரை எழாதபோதும் அதில் நுழைந்து, வேண்டாத கோப்புகளை நீக்க முடியும். இஎக்ஸ்டி4 இயல்பாகவே 5 சதவீத இடத்தை நிர்வாகக் கணக்குக்கென்று ஒதுக்கி வைப்பதும் இந்த மாதிரி நாளுக்காகத்தான்.

என்னை இன்றும் வியக்க வைப்பது கடைசி வழிதான். பென்டிரைவில் உள்ள லினக்ஸைக் கொண்டு கணினியைக் கிளப்பலாம். டிஸ்க்கில் எதையும் நிறுவாமலே இயங்கும் இந்த முறையை 2000இல் ஜெர்மனியின் கிளாஸ் நாப்பர், நாப்பிக்ஸ் என்ற சிடி வழியாகப் பலருக்கும் அறிமுகப்படுத்தினார். அப்படிக் கிளம்பியபின், பழுதான டிஸ்க்கைத் திறந்து, சிஎச்ரூட் என்ற கட்டளையால் “இனி இதுதான் உன் வீடு” என்று சொல்லிவிடலாம். அந்த நொடியில் ஓடுவது பென்டிரைவின் கெர்னல், நாம் நிற்பதோ படுத்துக்கிடக்கும் கணினிக்கு உள்ளே. எழ முடியாத அமைப்பு, இரவல் கெர்னலின் தயவில் தன் கிரப்பைத் தானே மறுபடி நிறுவிக்கொள்கிறது. சிஎச்ரூட்டுக்கு அடிப்படையான கெர்னல் வசதி 1979இல் வெளிவந்த யூனிக்ஸின் 7ஆம் பதிப்பிலேயே இருந்தது. யூஇஎஃப்ஐ கணினியாக இருந்தால் பென்டிரைவையும் யூஇஎஃப்ஐ முறையிலேயே கிளப்ப வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

உதவி கேட்கும்போது “கணினி வரவில்லை” என்று மட்டும் சொல்லாதீர்கள். கடைசியாகத் திரையில் நின்ற வரியைக் கைப்பேசியில் படம் எடுத்துக் காட்டுங்கள், கடைசியாக எதை மாற்றினீர்கள் என்பதையும் சொல்லுங்கள். உதவ வருபவர்களும் ‘எரேஸ் டிஸ்க்’ என்ற பொத்தானை அழுத்துவதற்கு முன், அந்தப் பென்டிரைவிலிருந்தே கணினியைக் கிளப்பி, ஹோம் ஃபோல்டரை வேறொரு டிஸ்க்குக்குப் படியெடுத்துக் கொடுங்கள்.