பொரளையும் பல்கலைக்கழகமும்

கொழும்புப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயில இடம்பெற்று, யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ முதன்முறையாகத் தலைநகருக்கு வருகின்ற மாணவர், வழியில் எவரையேனும் நிறுத்தி, "கெம்பஸ் எங்கே?" என்று வினவுவாராயின், பெரும்பாலும் கறுவாத்தோட்டத்துக்கே அனுப்பப்படுவார். அவர் செல்ல வேண்டிய இடமோ பொரளைப் பக்கத்துக் கின்சி வீதி. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீற்றர் தூரம் உண்டு. முதல் நாள் விரிவுரைக்குப் பிந்திச் செல்வதற்கு இத்தவறு ஒன்றே போதும்.

இவ்வாறு ஒரே பல்கலைக்கழகம் இரண்டு இடங்களில் அமைந்ததற்கு வரலாறே காரணம். கொழும்பு மருத்துவக் கல்லூரி 1870ஆம் ஆண்டில் தொடங்கிற்று. பல்கலைக்கழகக் கல்லூரியோ, அரை நூற்றாண்டு கழித்து, 1921இல் தேர்ஸ்டன் வீதியில் தோன்றியது. 1942இல் இவ்விரண்டும் இணைந்தே இலங்கைப் பல்கலைக்கழகம் ஆயின. 1972இல் இது "கொழும்பு வளாகம்" எனப் பெயர் பெற்றது. 1979இல் அப்பெயர் நீங்கியும், மக்கள் வாயில் "கெம்பஸ்" நீங்கவில்லை. மருத்துவ பீடம் மட்டும் பெரிய வைத்தியசாலையை விட்டு நகரவில்லை. நோயாளரை விட்டு மருத்துவக் கல்வி எங்கே போகும்?

கின்சி வீதியில் ஒரு மணிக்கூட்டுக் கோபுரத்தைக் கண்டால், மாணவர் சரியான இடத்துக்கு வந்துவிட்டார் என்று கொள்ளலாம். அக்கல்லூரியின் இரண்டாம் அதிபராக இருந்த டாக்டர் கொக் என்பவரின் நினைவாக 1881இல் எழுப்பப்பட்டது அது. பிரேத பரிசோதனையின்போது பற்றிய தொற்றினால் 1877இல் அவர் உயிர் நீத்தார். மணி பார்க்க மட்டும் அதனை நிமிர்ந்து நோக்குவோர் இதனையும் அறிந்திருத்தல் நன்று.

ஒரு காலத்தில் கோட்டையிலிருந்து பொரளைக்கு டிராம் வண்டி ஓடியது. 1960இல் அது நின்றது. இன்று தமிழ் மாணவர்க்குத் துணை இரண்டு பஸ்கள். கொட்டாஞ்சேனையில் தங்கியிருப்போர்க்கு 176ஆம் இலக்க பஸ். அது ஹெட்டியாவத்தையிலிருந்து மருதானை வழியாகப் பொரளைக்கு வரும். வெள்ளவத்தையில் அறை எடுத்தோர்க்கு 154. பின்னது பம்பலப்பிட்டியில் திரும்பி, தும்முல்லைச் சந்தியைக் கடந்து, பௌத்தாலோக மாவத்தை வழியே பொரளையை அடையும். கலைப் பீட மாணவர் தும்முல்லையில் இறங்கிக்கொள்வர். மருத்துவ மாணவர் பொரளைச் சந்தி வரை சென்று, வோர்ட் பிளேஸ் வழியாக நடந்து, கின்சி வீதியில் வலப்புறம் திரும்ப வேண்டும். கால் மணி நேர நடை; வெயிலில் சற்றுக் கூடும்.

பஸ் பொரளையை நெருங்குகையில் கனத்தை மயானம் வருகிறது. 1983 ஜூலை 24ஆம் திகதி இரவு தமிழர்மீது தொடங்கிய வன்செயல் இவ்விடத்திலிருந்தே நகரெங்கும் பரவியது. முதிய தமிழர் பலர் இன்றும் இச்சந்தியைப் பேசாமலே கடப்பர். இன்றைய மாணவர் அவ்வழியே நாள்தோறும் புத்தகப் பையுடன் செல்கின்றனர்.

வீதிப் பெயர்களும் ஒரு தொல்லை. தேர்ஸ்டன் வீதி இன்று குமாரதுங்க முனிதாச மாவத்தை. பேஸ்லைன் வீதி டாக்டர் டனிஸ்டர் டி சில்வா மாவத்தை. கடிதத்தில் புதிய பெயரையும், வழி கேட்கையில் பழைய பெயரையும் வழங்குவதே நடைமுறைக்கு ஏற்றது.

மாணவரினும் நோயாளரின் உறவினர்க்கே இங்கு வழி தவறுதல் பெருந்துன்பம். சிறுவர்க்கான லேடி றிஜ்வே வைத்தியசாலை பேஸ்லைன் வீதியில் உள்ளது. மகளிர் வைத்தியசாலைகளோ இரண்டு: 1879இல் நிறுவப்பட்ட டி சொய்சா கின்சி வீதியில், மற்றது பொரளைச் சந்திக்கு அப்பால், காசல் வீதியில். இரவில் முச்சக்கர வண்டியில் ஏறுவோர், "பிள்ளைப்பேற்று ஆஸ்பத்திரி" என்று மட்டும் கூறாது, வீதியின் பெயரையும் சேர்த்தே கூற வேண்டும்.