வீடு அதிர்ந்தால் விரிசல் விழுமா? நிலத்தை ஆட்டிப் பார்க்கும் லாரிகளின் கணக்கு

இன்னைக்கு நாம பேசப் போறது ஒரு விநோதமான லாரியைப் பத்தி. இந்த லாரி எந்தச் சரக்கையும் ஏத்திட்டுப் போகாது. ஊருக்குள்ள வரும், நிக்கும், தரையை ஆட்டும், போயிடும்.

ஜெர்மனியில மியூனிக் நகரம், 2015–16 குளிர்காலம். இந்த மாதிரி லாரிகள் தெருத்தெருவா போச்சு. லாரிக்கு அடியில ஒரு பெரிய இரும்புத் தகடு இருக்கும். அது கீழ இறங்கித் தரையை அழுத்தும், லாரியோட எடை அது மேல ஏறும். அப்புறம் சில நொடிகளுக்குத் தரை உறுமும். தகடு மேல ஏறினதும் லாரி கொஞ்சம் நகர்ந்து போய் மறுபடி அதே வேலையைச் செய்யும். இப்படிச் சுமார் 170 சதுர கிலோமீட்டர் பரப்பை அளந்தாங்க.

எதுக்காக? மியூனிக்குக்கு அடியில 2, 3 கிலோமீட்டர் ஆழத்துல சுண்ணாம்புப் பாறை இருக்கு. அதுக்குள்ள கொதிக்கிற அளவுக்குச் சூடான தண்ணி இருக்கு. அதை மேல கொண்டுவந்து, குளிர்காலத்துல வீடுகளைச் சூடாக்கணும்கிறது நகராட்சி நிறுவனத்தோட திட்டம். எங்க துளை போடணும்னு தெரியணும்னா, கீழ இருக்கிற பாறையோட படம் வேணும். தரையில ஒரு அதிர்வை அனுப்பி, பாறை அடுக்குகள்ல பட்டுத் திரும்பி வர்ற எதிரொலியைப் பதிவு செஞ்சா அந்தப் படம் கிடைக்கும். இதுதான் நில அதிர்வு ஆய்வு.

ஆனா லாரி நிக்கிற இடத்துல ஒருத்தரோட வீடு இருக்கே. "என் சுவருக்கு ஏதாவது ஆகுமா?"ன்னு அவர் கேட்பார். நியாயமான கேள்வி. இதுக்கு "ஒண்ணும் ஆகாது"ன்னு வாயால சொல்ற பதில் போதாது. எண்ணால சொல்லணும்.

ஒரே அடியா, நீளமான முனகலா?

முன்னாடியெல்லாம் இந்த ஆய்வுக்குப் பெரும்பாலும் வெடிதான். துளை போட்டு, உள்ளே வெடிமருந்து வெச்சு வெடிப்பாங்க. லாரி போக முடியாத இடங்கள்ல இன்னமும் அப்படித்தான். நம்ம காவிரிப் படுகை வயல்கள்லயும் எண்ணெய் தேடுறதுக்கு இந்த முறையில ஆய்வு செஞ்சிருக்காங்க. 1950-களில் அமெரிக்காவோட கோனோகோ நிறுவனம் வேற வழி கண்டுபிடிச்சது. ஒரே அடியா அடிக்காம, மெதுவா ஆரம்பிச்சு வேகமா ஏறுற அதிர்வைப் பல நொடிகளுக்குக் கொடுக்கிறது. இதுக்கு 'ஸ்வீப்'னு பேர். நாம என்ன அனுப்பினோம்னு முழுசாத் தெரியும். அதனால திரும்பி வர்ற குழப்பமான சத்தத்துல அதே வடிவத்தைக் கணினி தேடிக் கண்டுபிடிச்சிடும்.

இதுல ஒரு பெரிய வசதி இருக்கு. வெடியில எல்லாச் சக்தியும் ஒரு கணத்துல வெளியே வந்திடும். ஸ்வீப்ல அதையே 10, 20 நொடிகளுக்குப் பரப்பலாம். வீட்டுக்குப் பக்கத்துல விசையைக் குறைச்சு, நேரத்தைக் கூட்டலாம். ஆனா இது இலவசம் இல்ல. விசையைப் பாதியாக் குறைச்சா, அதே தெளிவு கிடைக்க ஒரே இடத்துல 4 தடவை ஆட்டணும். பல ஸ்வீப்களைக் கூட்டினா, சத்தத்துக்கு எதிரான தெளிவு அவற்றோட எண்ணிக்கையின் வர்க்கமூல அளவுக்குத்தான் ஏறும். வேலை மெதுவாகும், செலவு ஏறும். சுவரைக் காப்பாத்துறதுக்கான விலை அது.

அளவு எப்படி?

அதிர்வை அளக்க இந்தத் துறையில முக்கியமாப் பார்க்கிறது, அஸ்திவாரம் அசையுற உச்ச வேகம். நொடிக்கு இத்தனை மில்லிமீட்டர்னு சொல்வாங்க. நொடிக்கு 10 தடவை ஆடுற தரை, உச்சத்துல நொடிக்கு 5 மில்லிமீட்டர் வேகத்தைத் தொட்டா, அது நகர்ற தூரம் 0.08 மில்லிமீட்டர்தான். ஒரு காகிதத் தடிமனுக்கும் கீழ!

ஜெர்மனியோட டிஐஎன் 4150 தரநிலை, குறுகிய நேர அதிர்வுக்கு வழிகாட்டு அளவுகளைக் கொடுத்திருக்கு. 1-லிருந்து 10 ஹெர்ட்ஸ் வரைக்கும், சாதாரண வீட்டோட அஸ்திவாரத்துல நொடிக்கு 5 மில்லிமீட்டர். பாதுகாக்க வேண்டிய பழைய கட்டடத்துக்கு 3. தொழிற்சாலைக் கட்டடத்துக்கு 20. அதிர்வெண் ஏற ஏற இந்த அளவும் ஏறும். காரணம், அதே வேகத்துல வேகமா ஆடுற தரை குறைவான தூரமே நகரும். சுவர் வளையறதும் குறையும். இந்த அளவுக்குள்ள இருந்தா சேதம் வராதுன்னு எதிர்பார்க்கலாம். தாண்டினா சேதம் நிச்சயம்னு அர்த்தமில்ல, கவனமாப் பார்க்கணும்னு அர்த்தம்.

இப்போ நம்ம உடம்பு. நொடிக்கு 0.3 மில்லிமீட்டர் வந்தாலே வீட்டுல இருக்கிறவங்களுக்கு லேசாத் தெரியும். 1 மில்லிமீட்டர்ல புகார் வரும்னு பிரிட்டிஷ் தரநிலை சொல்லுது. அதே தரநிலை இன்னொண்ணும் சொல்லுது: முன்கூட்டியே சொல்லி விளக்கியிருந்தா, அந்த அளவை மக்கள் பொறுத்துக்குவாங்க. அதாவது சுவர் கலங்குறதுக்கு ரொம்ப முன்னாடியே நாம கலங்கிடுறோம். "ஜன்னல் கடகடன்னு ஆடுச்சு, அப்போ விரிசல் விழுந்திருக்கும்"ங்கிற முடிவு தவறாப் போறது இதனாலதான்.

56,000 தடவை

அமெரிக்கச் சுரங்கத் துறை ஆய்வகம் 1980-களில் ஒரு முழு வீட்டை இதுக்காகவே பயன்படுத்துச்சு. நிலக்கரிச் சுரங்கம் நெருங்கி வர்ற வழியில அந்த வீடு. வெடி அதிர்வுகளைப் பதிவு செஞ்ச பிறகு, இயந்திரத்தை வெச்சு வீட்டையே ஆட்டினாங்க. நொடிக்கு சுமார் 13 மில்லிமீட்டருக்கு இணையான ஆட்டத்துல, 56,000 சுழற்சிக்கு அப்புறம்தான் முதல் விரிசல். அதுவும் ரெண்டு ஜிப்சம் பலகை சேர்ற இடத்துல. கதவை அறைஞ்சு சாத்துறதும், வெயிலும் ஈரப்பதமும் மாறுறதும்கூட சுவருக்குக் கணிசமான அழுத்தம் தருதுன்னு அங்கே தெரிஞ்சது.

இதைக் கேட்டுட்டு "அப்போ பயமே வேண்டாம்"னு போயிடாதீங்க. அது நல்லாக் கட்டின ஒரு மர வீடு. மண் சுவர், ஏற்கெனவே இறங்கின அஸ்திவாரம், நூறு வருஷக் கோயில் மண்டபம் எல்லாம் வேற கணக்கு. இன்னொரு ஆபத்து ஒத்ததிர்வு. சிறிய வீடுகளுக்கு 4-லிருந்து 12 ஹெர்ட்ஸ்ல இயல்பான ஆட்டம் இருக்கும். ஸ்வீப் அந்த இடத்துல மெதுவாக் கடந்தா, ஊஞ்சலைச் சரியான நேரத்துல தள்ளுற மாதிரி மாடியில ஆட்டம் பெருகும். நீடிச்ச அதிர்வுக்கு டிஐஎன் 4150 மேல்தளத்துலயே அளக்கச் சொல்லி, பழைய கட்டடத்துக்கு நொடிக்கு 2.5 மில்லிமீட்டர்னு கடுமையா வைக்கிறதுக்குக் காரணம் இதுதான்.

என்னென்ன செய்யலாம்?

கட்டுப்பாடு இந்தக் கைப்பிடிகள்ல இருக்கு. ஒண்ணு, தூரம்: தள்ளிப் போனாலே அதிர்வு வேகமா விழும். ரெண்டு, லாரியோட விசை. மூணு, ஸ்வீப் எந்த அதிர்வெண்ல ஆரம்பிக்குது, தாழ்ந்த அதிர்வெண்ல எவ்வளவு நேரம் தங்குது. நாலு, ஒரே நேரத்துல எத்தனை லாரி ஆட்டுது. அஞ்சாவது, எளிமையானது: அந்தப் புள்ளியை விட்டுட்டுப் போறது. படத்துல சின்ன இடைவெளி விழும். பக்கத்துப் புள்ளிகள் பெரும்பாலும் அதை ஈடுகட்டிடும்.

இதெல்லாம் வேலை செய்யுதான்னு தெரியணும்னா அஸ்திவாரத்துல கருவி இருக்கணும். அதுவும் முதல் வீட்டுலயே. எண் ஏறினா அடுத்த இடத்துல விசையைக் குறைக்கலாம். வேலை முடிஞ்ச பிறகு அளக்க முடியாது.

இது மியூனிக் கதை மட்டும் இல்ல. உங்க தெருவுல மெட்ரோ வேலை, பக்கத்து மனையில பைல் அடிக்கிற வேலைன்னு வந்தாலும் இதே கேள்விகள்தான். முதல்ல உங்க சுவரை நீங்களே போட்டோ எடுங்க, தேதியோட. இருக்கிற விரிசல் பக்கத்துல ஸ்கேல் வெச்சு எடுங்க. அப்புறம் மூணு கேளுங்க: எந்த அளவுக்கு மேல வேலையை நிறுத்துவீங்க? கருவி எங்கே வெச்சிருக்கீங்க? அந்தப் பதிவை யார் பார்ப்பாங்க?

முன்னாடி எடுத்த போட்டோவும் அளவுப் பதிவும் இல்லைன்னா, விரிசல் உண்மையிலேயே அதிர்வால வந்திருந்தாலும் உங்களால நிரூபிக்க முடியாது. பழைய விரிசலா இருந்தா, ஆய்வு செஞ்சவங்களாலயும் மறுக்க முடியாது. அந்த எண் ரெண்டு தரப்புக்கும் சாட்சி. மியூனிக்ல அந்த ஆய்வுக்குப் பிறகு நகருக்குள்ளேயே 6 கிணறுகள் தோண்டி வெந்நீர் எடுக்கிறாங்க. பாறையைப் பார்க்கிறதும் சுவரைக் காப்பாத்துறதும் ஒண்ணா நடக்கலாம், யாராவது அளந்துக்கிட்டே இருந்தா.