பல்லும் சொல்லும்

“ஐம்பது கடந்தபின் பல்லுக்குக் கம்பியா?” என்று உருத்திரபுரத்தில் என்னை வினவாதார் சிலரே. அழகு கருதியன்று, ஊணும் உச்சரிப்பும் கருதியே கட்டுவித்தேன்.

எழுத்துப் பிறப்பதற்குரிய உறுப்புகள் எட்டனுள் பல்லையும் ஒன்றாக வைத்தார் தொல்காப்பியர். பல்லும் இதழும் பொருந்துமிடத்தே வகரம் பிறக்கும் என்பது அவர் கண்ட உண்மை. பல் பிறழின், இலக்கணம் கற்பிப்பவன் வாயே பிழை மலிந்த ஏடாகும். பிழைகளை வகுத்தல் இலக்கணத்தார்க்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கப் பல் மருத்துவர் எட்வர்ட் ஆங்கில், 1899இல், கடைவாய்ப் பற்கள் பொருந்தும் முறைகொண்டு பல்வரிசைப் பிழைகளை மூவகைப்படுத்தினார்.

முதிர்ந்த பல் அசையுமோ எனின், அசையும். கம்பியின் மெல்லழுத்தத்தால் பல் செல்லும் பக்கத்து எலும்பு கரையும். நீங்கும் பக்கத்தில் புதிய எலும்பு தோன்றும். எலும்பு வாழ்நாள் முழுதும் தன்னைப் புதுக்கிக்கொள்வதால் வயது தடையன்று. காலம் சற்று மிகலாம். ஆயினும் முரசு நோய் இருப்பின் அதனை முன்னரே தீர்த்தல் வேண்டும். திருந்திய பல் பழைய இடத்தையே நாடுமாதலின், கம்பி கழற்றிய பின்னும் அதனை நிலைநிறுத்தும் கருவியை அணிதல் இன்றியமையாதது.

முதற் சில கிழமைகள் என் சகரமும் வகரமும் இடறின, மாணவர் நகைத்தனர். அதனையே பிறப்பியற் பாடமாக்கினேன். கற்றற்கு வயதில்லை என்று பிறர்க்கு உரைக்கும் நாம், திருந்துதற்கும் வயதில்லை என்பதை நம் வாயாலேயே காட்டலாமன்றோ?