கெய்சர் எழுப்பும் சத்தங்கள்

டிசம்பர் 31 அன்று திருத்தணியில் படித்திருவிழா. 365 படிகளுக்கும் பூஜை நடக்கும். மலை ஏறும் முன் குளித்தாக வேண்டும். மார்கழிக் குளிரில் விடுதிக்காரரிடம் முதல் கேள்வியே வெந்நீர்தான். கேஸ் கெய்சர் மக்கர் செய்வதும் பெரும்பாலும் அன்றைக்கே.

பழுது பார்க்க வருபவர் முதலில் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். குழாயைத் திறந்ததும் தண்ணீரின் அழுத்தம் உள்ளே ஒரு ரப்பர் சவ்வைத் தள்ளும். சவ்வு ஒரு மைக்ரோ ஸ்விட்சை அழுத்தும். உடனே ஸ்பார்க் 'டிக் டிக்' என்று அடிக்கும். கேஸ் வால்வு 'டக்' என்று திறக்கும். இத்தனைக்கும் இரண்டு தடித்த பேட்டரிகள், மொத்தம் 3 வோல்ட்.

எந்தச் சத்தமும் இல்லையா? பேட்டரியைப் பாருங்கள், அடுத்து தண்ணீரை. தொட்டி ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைப்பது 0.1 பார் அழுத்தம்தான். மேல்மாடி அறைகளில் சவ்வு அசையாததற்கு இதுவே காரணம். வால்வை மாற்றினாலும் பலன் இல்லை.

ஸ்பார்க் உண்டு, 'டக்' இல்லை என்றால் பேட்டரி பாதி செத்திருக்கலாம். பொறிக்குப் போதும் மின்சாரம் வால்வின் காயிலை இழுக்கப் போதாது. புது பேட்டரியிலும் அப்படியே இருந்தால் காயில் வயரைக் கழற்றி மல்டிமீட்டர் வைக்கலாம். தொடர்பே காட்டாத காயில் அறுந்தது. பற்றிய உடனே அணைந்தால் சென்சார் கம்பியில் கரி. தீ வழியாகப் பாயும் நுண்ணிய மின்னோட்டத்தை அது உணரவில்லை.

சில நிமிடம் எரிந்து அணைவதுதான் வில்லங்கம். செம்புக் குழாயை ஒட்டி, காசு அளவில், இரண்டு வயருடன் இருப்பது தெர்மோஸ்டாட். சூடு எல்லை மீறினால் அதற்குள் இருக்கும் ஈருலோகத் தகடு வளைந்து இணைப்பை அறுக்கும். போர்வெல் தண்ணீரின் உப்பு குழாயில் படிந்தால் சூடு தண்ணீருக்குப் போகாமல் அங்கேயே தேங்கும். உப்பை எடுப்பதை விட்டுவிட்டு அந்த இரண்டு வயரையும் முறுக்கி இணைத்துவிடும் 'கைவேலை' ஒன்று உண்டு. கெய்சர் ஓடும், காவல்தான் போய்விடும். ஆறியபின்னும் மீட்டரில் தொடர்பு காட்டாவிட்டால் மட்டுமே தெர்மோஸ்டாட்டை மாற்ற வேண்டும், அதே வெப்ப அளவுள்ளதாக.

பெட்டி குளியலறைக்கு வெளியே, காற்றோட்டத்தில் இருக்கட்டும். கசியும் கேஸுக்காவது மணம் சேர்த்திருக்கிறார்கள். மூடிய அறையில் அரைகுறையாக எரிந்து உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது. வேலை முடிந்ததும் இணைப்புகளில் சோப்பு நுரை தடவுங்கள். குமிழ் வந்தால் ரெகுலேட்டரை மூடிவிட்டு, வெளியே வந்து, 1906க்கு அழையுங்கள்.