வகுக்க முடியாத தேதி

1960 நவம்பர் 4 அன்று ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. உலகத்தின் கடைசி நாளை அது தலைப்பிலேயே அறிவித்தது: 2026 நவம்பர் 13, வெள்ளிக்கிழமை. எழுதியவர்கள் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஹைன்ஸ் ஃபான் ஃபோர்ஸ்டரும் அவருடைய இரண்டு சகாக்களும். அந்தத் தேதி ஃபோர்ஸ்டரின் பிறந்தநாள் என்பதில் கொஞ்சம் குறும்பு உண்டு. கணக்கில் குறும்பு இல்லை. சுமார் இரண்டாயிரம் ஆண்டு மக்கள்தொகை மதிப்பீடுகளோடு நன்றாகப் பொருந்திய சூத்திரம் அது.

ஒரு மாறாத எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 2026 முடிவதற்கு எத்தனை ஆண்டு பாக்கியோ, அதனால் வகுத்தால் ஏறக்குறைய அன்றைய மக்கள்தொகை வந்துவிடும். 1960இல் உலகில் சுமார் 300 கோடிப் பேர், பாக்கி 67 ஆண்டுகள். பாக்கி பாதியானால் மக்கள்தொகை இரட்டிக்கும். அதன்படி 1993இல் 600 கோடி, 2010இல் 1,200 கோடி, 2018இல் 2,400 கோடி. இரட்டிக்க எடுக்கும் காலமே ஒவ்வொரு தடவையும் பாதியாகச் சுருங்குகிறது. கடைசியில் வகுக்கும் எண் பூஜ்யமாகிவிட, விடை முடிவிலிக்கு ஓடுகிறது. சூத்திரம் இப்படிச் செயலிழக்கும் இடத்தைத்தான் கணிதத்தில் சிங்குலாரிட்டி என்கிறார்கள்.

நடந்தது வேறு. 600 கோடியை 1999 வாக்கில் எட்டினோம், 800 கோடியை 2022இல். 1960களில் ஆண்டுக்கு 2 விழுக்காட்டைத் தாண்டிய வளர்ச்சி வீதம் இப்போது 1 விழுக்காட்டுக்கும் கீழே. பெண்கள் படித்தார்கள், கருத்தடை வசதி வந்தது, பிறந்த பிள்ளைகள் பிழைத்தார்கள், பிறப்பு குறைந்தது. சூத்திரத்தில் இவை எதற்கும் இடமில்லை.

இயற்பியலில் சிங்குலாரிட்டி என்ற இதே சொல் இன்னும் கடினமான கேள்வியைக் கிளப்புகிறது. முதல் உலகப் போரில் ஜெர்மன் படையில் இருந்துகொண்டே ஐன்ஸ்டைனின் ஈர்ப்புச் சமன்பாடுகளுக்குத் தீர்வு கண்டவர் கார்ல் ஷ்வார்ட்ஸ்சில்ட். 1916இல் வெளியான அந்தத் தீர்வு இரண்டு இடங்களில் உடைகிறது. ஒன்று நட்சத்திரத்தின் மையம். மற்றொன்று மையத்திலிருந்து குறிப்பிட்ட தொலைவில். சூரியனின் நிறைக்கு அது 3 கிலோமீட்டர். இந்த இரண்டாவது வெறும் தோற்றம்தான். வடதுருவத்தில் நிற்பவருக்குத் தீர்க்கரேகை எதுவென்று சொல்ல முடியாது. அதற்காக அங்கே பனியில் ஓட்டையா விழுந்திருக்கிறது? கோளாறு நாம் போட்ட கோடுகளில். 1933இல் ழார்ஜ் லெமைத்ர் இதைக் காட்டினார்.

மையத்தில் உள்ளதும் அப்படிப்பட்டதுதானோ? நட்சத்திரத்தைப் பிசிறில்லாத உருண்டையாக வைத்துக் கணக்குப் போட்டதால் வந்த வினையோ? இங்கேதான் கொல்கத்தாவில் பணியாற்றிய அமல் குமார் ராய்சௌதுரி வருகிறார். 1955இல் அவர் வெளியிட்ட சமன்பாடு, ஈர்ப்பு விசையின் பிடியில் பாதைகள் எப்படிக் குவிகின்றன என்று சொல்கிறது. உருண்டை வடிவம் அதற்குத் தேவையே இல்லை. ரோஜர் பென்ரோஸ் 1965இல் தந்த நிரூபணத்தில் இந்தக் குவிதல்தான் மைய வாதம். அந்த நிரூபணத்துக்கு 2020இல் நோபல் பரிசு கிடைத்தது.

பென்ரோஸ் நிரூபித்தது ‘அடர்த்தி முடிவிலியாகும்’ என்பதை அல்ல. நட்சத்திரம் குலைந்து உருவாகும் கருந்துளைக்குள் விழும் ஒளியின் பாதை ஏதோ ஓரிடத்தில் தொடர முடியாமல் முடிந்துவிடும் என்பதைத்தான். அதற்கப்பால் என்ன என்பதை ஐன்ஸ்டைனின் கோட்பாடு சொல்லாது. அதைச் சொல்ல வேண்டிய, குவாண்டம் ஈர்ப்பைப் பற்றிய முழுமையான கோட்பாடு இன்னும் உருவாகவில்லை.

சிங்குலாரிட்டியின் மூன்றாவது பொருள்தான் இன்று காதில் அதிகம் விழுகிறது: இயந்திர அறிவு மனித அறிவை மிஞ்சும் தருணம். எழுத்தாளரும் கணிதப் பேராசிரியருமான வெர்னர் விஞ்சி 1993இல் இதை முப்பது ஆண்டுகளுக்குள் எதிர்பார்க்கலாம் என்றார். ரே குர்ஸ்வைல் 2005இல் எழுதிய நூலில் 2045 என்றார். விஞ்சி சொன்னதில் ஒரு நியாயம் உண்டு: நம்மைவிடக் கூர்மையான அறிவு வந்தபின் நடப்பதை நம்மால் ஊகிக்க முடியாது. ஆனால் குர்ஸ்வைல் காட்டும் வளைகோடுகளில் பெரும்பாலானவை அடுக்குக்குறி வளர்ச்சி. இரண்டு ஆண்டுக்கொருமுறை இரட்டிக்கும் எதுவும் எந்தத் தேதியிலும் முடிவிலியைத் தொடாது. இன்றைக்கு இருப்பதைப் போலவே பத்து ஆண்டு கழித்தும் அதே வேகத்தில் இரட்டிக்கும், அவ்வளவுதான். இங்கே சூத்திரம் எங்கும் உடைவதில்லை. கருந்துளையின் கணிதம் தரும் உறுதியை இந்த ஆரூடத்துக்கும் சேர்த்துக் கொடுப்பது தவறு.

இயந்திர அறிவைப் பற்றிய கவலைகள் பொய் என்று நான் சொல்லவில்லை. வேலை, போர், கண்காணிப்பு என்று அவை இப்போதே நிஜம். யாராவது ஒரு வருடத்தைக் குறித்துச் சொன்னால் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: இரட்டிக்கும் காலம் குறைந்துகொண்டே வருகிறதா? வளர்ச்சியைத் தடுக்கக்கூடிய மின்சாரம், சில்லுகள், பணம் ஆகியவை அந்தக் கணக்கில் இருக்கின்றனவா?